பழைய சீக்கோ 5 வாங்கப் போகிறீர்களா? முதலில் வாட்ச்சைத் திருப்பிப் பாருங்கள்

ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கும் டயல், "1970களின் ஒரிஜினல், சர்வீஸ் செய்தது" என்று ஒரு வரி, விலையும் கையைக் கடிக்காது. ஆன்லைனில் இப்படி ஒரு சீக்கோ 5 (ஜப்பானின் சீக்கோ நிறுவனத்து வாட்ச்) கண்ணில் பட்டால் அவசரப்படாதீர்கள். வாட்ச் சேர்ப்பவர்கள் இந்த ரகத்தை 'மும்பை ஸ்பெஷல்' என்பார்கள். மிஷின் பெரும்பாலும் அசல் சீக்கோதான், ஆனால் டயல் மறுபடி பெயின்ட் அடித்தது, முள் ஒரு வாட்ச்சிலிருந்து, பின்மூடி இன்னொரு வாட்ச்சிலிருந்து. ஓடத்தான் செய்யும். தெரிந்தே வாங்கினால் தப்பில்லை, அசல் என்று நம்பி அசல் விலை கொடுத்தால்தான் வயிற்றெரிச்சல். நான் முதலில் வாங்கியதும் அப்படி ஒன்றுதான், வீட்டுக்கு வந்து லென்ஸில் பார்த்தபோது நிமிடக் கோடுகள் ஒரு பக்கம் தடித்து இன்னொரு பக்கம் கோணிக்கொண்டு நின்றன.

அதனால் விற்பவரிடம் இரண்டு படம் கேளுங்கள்: பின்மூடி ஒன்று, டயலின் அடிப்பகுதி ஒன்று, இரண்டும் கிட்டத்தில் எடுத்தது. 6 மணிக்குக் கீழே, டயலின் விளிம்பை ஒட்டி, எறும்பு ஊர்ந்த மாதிரி ஓர் எண் இருக்கும். அதன் முதல் நான்கு எழுத்துகள்தான் மிஷினின் பெயர், உதாரணமாக 7009 அல்லது 7எஸ்26. பின்மூடியிலும் அதே நான்கு வர வேண்டும். அதற்கு அடுத்த சின்னக் கோட்டுக்கு (-) அப்புறம் வருகிற எண்கள் இரண்டிலும் வேறாக இருக்கலாம், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். முதல் நான்கே ஒத்துவரவில்லை என்றால் பெரும்பாலும் கலப்படம்.

பின்மூடியில் ஆறு இலக்கத்தில் தனியாக ஒரு சீரியல் எண்ணும் இருக்கும். முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம் (அக்டோபருக்கு 0, நவம்பருக்கு N, டிசம்பருக்கு D என்ற எழுத்து). 84 என்று தொடங்கினால் எட்டில் முடிகிற ஏதோ ஒரு வருடத்தின் ஏப்ரல். எந்தப் பத்தாண்டு என்பதை மிஷினை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்: 7எஸ்26 வந்ததே 1996இல், ஆகவே அது 1988ஆக இருக்க வழியில்லை, 1998 அல்லது அதற்குப் பிந்தியது. 7எஸ்26 வாட்ச்சைக் காட்டி "எண்பதுகளில் அப்பா துபாயிலிருந்து கொண்டுவந்தது" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். வளைகுடாவிலிருந்து வந்தவற்றில் பலவற்றில் கிழமை அரபியிலும் தெரியும், அது குறையல்ல, எனக்கு அதுதான் பிடிக்கும்.

நேரில் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. இது பேட்டரி இல்லாமல் கை அசைவிலேயே சாவி ஏறுகிற ஆட்டோமேட்டிக், 7எஸ்26க்குக் கையால் சாவி கொடுக்கவும் முடியாது, எனவே நின்று கிடப்பதாலேயே செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. டயல் மேலே பார்க்கும்படி பிடித்து, பக்கவாட்டில் பத்துப் பதினைந்து முறை மெதுவாக ஆட்டுங்கள். விநாடி முள் குதிக்காமல் வழுக்கிக்கொண்டு போக ஆரம்பிக்க வேண்டும் (உண்மையில் விநாடிக்கு ஆறு சின்ன அடி வைக்கிறது, கண்ணுக்கு வழுக்கலாகத் தெரியும்). அப்புறம் வாட்ச்சின் ஓரத்தில் இருக்கிற திருகை ஒரு படி வெளியே இழுத்து தேதியையும் கிழமையையும் மாற்றிப் பாருங்கள். ஆனால் முள் இரவு ஒன்பதுக்கும் காலை நாலுக்கும் நடுவில் இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள், அந்த நேரத்தில் தேதிப் பற்சக்கரங்கள் ஏற்கெனவே கடித்துக்கொண்டிருக்கும், திருகினால் பல் உடையலாம். முள் பகலில் நிற்கிறதா இரவிலா என்று தெரியாவிட்டால் முதலில் ஆறரைக்குக் கொண்டுவந்துவிட்டு மாற்றுங்கள்.

சரி, வாங்கியாயிற்று. முதல் வாரமே போன் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, "நாளுக்கு இருபது விநாடி முந்துகிறது" என்று புலம்புவீர்கள். புதிய சீக்கோ 5களில் வருகிற 4ஆர்36 மிஷினுக்கே நிறுவனம் தருகிற வரம்பு ஒரு நாளைக்கு 45 விநாடி முந்தலாம், 35 விநாடி பிந்தலாம் என்பதுதான். துல்லியம்தான் வேண்டும் என்றால் பேட்டரியில் ஓடுகிற கேசியோ எஃப்-91டபிள்யூ வாங்குங்கள், மாதத்துக்கே 30 விநாடிக்கு மேல் தவறாது. நேற்று வரை ஒழுங்காக ஓடியது திடீரென்று நிமிடக்கணக்கில் முந்தினால் மட்டும் காந்தம் ஏறியிருக்கும், ஸ்பீக்கர் பக்கத்திலோ காந்த மூடி போட்ட போன் கவரிலோ வைத்திருப்பீர்கள். ரிப்பேர் செய்பவரிடம் காந்தம் இறக்கும் கருவி இருந்தால் ஒரு நிமிட வேலை.

தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பின்மூடியில் வாட்டர் ரெசிஸ்டன்ட் என்றுதான் இருக்கும், ஆனால் உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் அந்தக் காலத்திலேயே கல்லாகியிருக்கும். கண்ணாடிக்குள் பனி மாதிரி படிந்தால் வெயிலில் வைத்துக் காயவிட்டுச் சமாளிக்கலாம் என்று பார்க்காமல் அன்றைக்கே திறக்கக் கொடுங்கள், முள்ளிலும் மிஷினிலும் துரு பிடிக்க அதிக நாள் ஆகாது. மூடுவதற்கு முன் புது வளையம் போட்டாரா என்று கேளுங்கள்.

7எஸ்26 மிஷின் ஒரேயடியாகத் தேய்ந்துபோனால் அதே இடத்தில் என்எச்36 போடலாம், அது 4ஆர்36 மிஷினையே சீக்கோ மற்ற வாட்ச் நிறுவனங்களுக்கும் விற்கிற வடிவம், கையால் சாவியும் கொடுக்கலாம். அப்படி மாற்றினால் பழைய மிஷினை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், ரிப்பேர்காரரிடம் விட்டுவிட்டு வராதீர்கள்.