அல்கோல் மங்கும் இரவில் செய்யக் கூடாதவை

மார்கழி இரவு 9 மணிக்கு மொட்டை மாடியில் வடக்கு பார்த்து நின்றால், கார்த்திகைக் கூட்டத்துக்கு வடமேற்கே நல்ல உயரத்தில் அல்கோல் என்ற விண்மீன் தெரியும். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒரு தடவை அது மங்கும். சுமார் ஐந்து மணி நேரம் இறங்குமுகம், அடுத்த ஐந்து மணி நேரம் ஏறுமுகம். அடிமட்டத்தில் அதன் ஒளி வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. இதைப் பார்க்கத் தொலைநோக்கியே வேண்டாம்.

உண்மையில் அங்கே நெருக்கமாகச் சுற்றும் இரண்டு விண்மீன்கள் இருக்கின்றன. மங்கலானது மற்றதை மறைக்கும்போதுதான் ஒளி குறைகிறது. வீங்கிய, மங்கலான துணை விண்மீன் ஒரு காலத்தில் இரண்டில் கனமானதாக இருந்தது. தன் வாயுவை மற்றதுக்கு வாரிக் கொடுத்ததில் இன்று சூரியனின் எடையில் முக்கால் பங்குக்கும் குறைவாக இளைத்துவிட்டது. வாங்கிக்கொண்டதோ மூன்று சூரியன் எடைக்கு மேல் இருக்கிறது.

புதிதாக வருகிறவர்கள் பலரும் அந்த வாயு ஓட்டத்தையே பார்த்துவிடலாம் என்று நினைத்து, பெரிய தொலைநோக்கி வாங்கி ஏமாந்துபோகிறார்கள். நம் கண்ணுக்குத் தெரிவது கிரகணம் மட்டும்தான். எடை கைமாறுவதைக் கடிகாரத்தில்தான் பிடிக்க முடியும். யாழ் விண்மீன் மண்டலத்தில் இருக்கும் பீட்டா லைரே என்ற இன்னொரு ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இலகுவான விண்மீன் கனமானதுக்குக் கொடுக்கிறது, அதனால் சுற்றுப்பாதை விரிகிறது, சுற்றுக் காலம் நீள்கிறது. இப்போது ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 12.94 நாள் ஆகிறது, ஆண்டுக்கு 19 விநாடி கூடிக்கொண்டே போகிறது. இங்கிலாந்தின் யார்க் நகரில் காது கேளாத இளைஞர் ஜான் குட்ரிக் 1784-இல் அதன் ஒளிமாற்றத்தைக் கண்டறிந்ததிலிருந்து இன்றுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டிருக்கிறது. ஆகவே நீங்கள் குறிக்கும் நேரம்தான் இதில் எல்லாம்.

அந்த நேரத்தில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம். என் முதல் வருட நோட்டில் பாதிக் கணக்கு வீணானதே இதனால்தான். 15-ஆம் தேதி அதிகாலை 2 மணிக்குப் பார்த்ததை உலக நேரத்துக்கு மாற்றும்போது ஐந்தரை மணியைச் சரியாகக் கழித்து 20:30 என்று எழுதினேன், தேதியை மட்டும் 15 என்றே விட்டுவிட்டேன். அது 14-ஆம் தேதி. ஒரு நாள் முழுக்கத் தவறு! மாதம், ஆண்டு என்று பிரிக்காமல் நாட்களைத் தொடர்ந்து எண்ணிக்கொண்டே போகும் ஜூலியன் நாளில் எழுதினால் இந்தத் தொல்லை கிடையாது. அது நமக்கு மாலை 5:30-க்குத்தான் மாறும், இரவு முழுக்க ஒரே எண்தான். அப்புறம், மங்கும் நேரங்களைத் தரும் பட்டியலில் உள்ள நேரம் சூரியனை மையமாக வைத்ததா, பூமியை வைத்ததா என்றும் பாருங்கள். சூரியனிலிருந்து பூமிக்கு ஒளி வர 8 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஆண்டின் எந்தப் பருவம் என்பதைப் பொறுத்து கிட்டத்தட்ட அந்த அளவுக்கு முன்பின்னாகும்.

அடுத்தது ஒப்பிடும் விண்மீன். அல்கோலுக்குப் பக்கத்திலேயே ரோ பெர்சி இருக்கிறது, கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் அதோடு ஒப்பிடத் தோன்றும். வேண்டாம், அதுவே ஒளி மாறும் சிவப்பு விண்மீன். சிவப்பை உற்றுப் பார்க்கப் பார்க்க அது கூடுதல் பிரகாசமாகத் தெரியும் என்பது இன்னொரு சிக்கல். காமா ஆண்ட்ரொமீடே (2.1), எப்சிலான் பெர்சி (2.9), கப்பா பெர்சி (3.8) ஆகியவை நம்பகமானவை. அடைப்பில் இருப்பது ஒளியளவு, எண் கூடினால் ஒளி குறைவு. ஐந்து எண்ணுக்கு நூறு மடங்கு என்று 1856-இல் இந்த அளவுகோலை வகுத்த நார்மன் பாக்சன்தான் 1861-இல் சென்னை வானாய்வகத்துக்கு வந்து, கடைசிவரை இங்கேயே இருந்தவர்.

எப்சிலானிலிருந்து கப்பாவுக்குப் பத்துப் படி என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அல்கோல் நாலாவது படியில் நிற்பதாகப் பட்டால் நோட்டில் 'எப்சிலான் 4, கப்பா 6' என்று எழுதுங்கள். 3.3 என்ற விடையை மட்டும் எழுதாதீர்கள், பின்னால் சந்தேகம் வந்தால் சரிபார்க்க வழியே இருக்காது. தலையைச் சாய்த்து, ஒப்பிடும் இரண்டும் இரு கண்களுக்கும் இணையாக வரும்படி பார்ப்பது நல்லது. அடிவானத்துக்குப் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிடவே கூடாது.

மங்கும் நேரத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு. 10:50-க்கு அடிமட்டம் என்று தெரிந்துவிட்டால் கண் 10:50-க்கே அதைக் கொண்டுவந்து நிறுத்திவிடும். எந்த இரவு என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், நிமிடத்தைப் பார்க்காதீர்கள். முடிந்தால் வீட்டில் வேறு யாரையாவது பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள். அடிமட்டத்துக்கு வந்ததும் தூங்கப் போய்விடுவதும் தவறு. அங்கே ஒளி அதிகம் மாறாது, அதனால் அந்தக் கணம் பிடிபடாது. இறங்கும்போதும் ஏறும்போதும் ஒரே ஒளியில் இருந்த நேரங்களை எடுத்து நடுவைக் கண்டால்தான் சரியாக வரும். கால் மணிக்கு ஒரு பதிவு போதும்.

பீட்டா லைரேக்கு இரவுக்கு ஒரு பதிவே தாராளம். ஆனால் அது ஒரே சுற்றில் இரண்டு தடவை மங்கும், ஒரு தடவை 4.3 வரைக்கும், ஆறரை நாள் கழித்து 3.8 வரைக்கும். ஆழம் குறைந்ததை முதன்மையானது என்று எடுத்துக்கொண்டால் கணக்கு அரைச் சுற்று தள்ளிப்போகும். அது நமக்கு நன்றாகத் தெரிகிற ஆடி, ஆவணியில் மேகம் பல இரவுகளைக் கெடுக்கும். முந்தின நாளையும் மறுநாளையும் பார்த்து இடைவெளியை நிரப்பக் கை பரபரக்கும். அந்த நாளுக்கு நேரே 'மேகம்' என்று மட்டும் எழுதுங்கள்.