பிறரை எப்படிக் குறிப்பிடுவது: ஒன்ராறியோவில் புதிதாகக் குடியேறுபவர்களுக்கு

ஒன்ராறியோவில் வேலைக்குச் சேர்ந்த சில நாட்களிலேயே, சிலருடைய பெயரட்டையிலோ மின்னஞ்சலின் அடியிலோ பெயரை அடுத்து "ஷீ/ஹர்" (அவள்), "ஹீ/ஹிம்" (அவன்), "தே/தெம்" (ஆண், பெண் என்று பிரிக்காமல் ஒருவரைக் குறிப்பது) என்று எழுதியிருப்பதைக் காண்பீர்கள். தம்மைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுவோர் எந்தச் சுட்டுப்பெயரைப் பயன்படுத்த வேண்டும் என்பதை அவர்கள் இவ்வாறு தெரிவிக்கிறார்கள். தோற்றத்தையும் குரலையும் வைத்து நீங்கள் எண்ணுவது வேறாக இருந்தாலும், எழுதியிருப்பதன்படியே பேச வேண்டும்.

அப்படியானால் நம் நம்பிக்கையையும் மாற்றிக்கொள்ள வேண்டுமோ என்று, குறிப்பாகச் சமயப்பற்று உள்ளவர்கள், தயங்குவது இயல்பே. அதற்கு அவசியமில்லை. மனச்சான்றுக்கும் சிந்தனைக்குமான சுதந்திரத்தைக் கனடாவின் உரிமைகள் சாசனத்தின் 2ஆம் பிரிவு உறுதி செய்கிறது. ஆண், பெண் என்பது பற்றி உங்கள் மனத்தில் இருப்பதை எவரும் விசாரிக்க முடியாது. வேலைத்தளம், வாடகை வீடு, கடை, மருத்துவமனை போன்ற இடங்களில் இன்னொருவரை நீங்கள் நடத்தும் விதத்தையே சட்டம் கவனிக்கிறது. பால் அடையாளமும் (ஒருவர் தம்மை ஆணாகவோ பெண்ணாகவோ வேறாகவோ உணர்வது) பால் வெளிப்பாடும் (அதை உடை, பேச்சு, பெயர் போன்றவற்றில் காட்டுவது), பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களாக 2012இல் மாகாண மனித உரிமைச் சட்டத்திலும், 2017இல் கூட்டாட்சிச் சட்டத்திலும் சேர்க்கப்பட்டன.

2021இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வெளிவந்த ஒரு தீர்ப்பு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. உணவகம் ஒன்றில் பரிமாறும் வேலை செய்தவர், தம்மை "தே" என்று குறிப்பிடும்படி கேட்டுக்கொண்ட பிறகும், மேலாளர் ஒருவர் "ஷீ" என்றே சொல்லி, "ஸ்வீட்ஹார்ட்", "ஹனி" என்றும் அழைத்துவந்தார். அதை எதிர்த்துப் பேசியவரே கடைசியில் வேலையை இழந்தார். மனித உரிமைகள் தீர்ப்பாயம் அவருக்கு 30,000 டொலர் இழப்பீடு வழங்கும்படி உத்தரவிட்டது. தெரிந்தே, திரும்பத் திரும்பச் செய்ததுதான் அங்கே பிரச்சினை. வாய்தவறி ஒரு சொல் வந்துவிட்டால் சிறை என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதையை நம்ப வேண்டாம். தவறினால் "சாரி" என்று ஒரு சொல் சொல்லித் திருத்திவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். நீண்ட மன்னிப்பும் விளக்கமும் எதிரிலிருப்பவருக்குத்தான் கூடுதல் சங்கடம்.

எதைச் சொல்வதென்று தெரியாவிட்டால் தனியாகக் கேட்கலாம், அல்லது அவர் சொல்லும் பெயரையே பயன்படுத்தலாம். பெயரால் குறிப்பிடுவது எப்போதும் மரியாதையானது என்று மாகாண மனித உரிமைகள் ஆணைக்குழுவே கூறுகிறது. சுட்டுப்பெயர் பெரும்பாலும் அவர் இல்லாத இடத்தில்தான் வாயில் வரும் என்பதால், உணவு இடைவேளையிலும் மேலாளருக்கு எழுதும் மின்னஞ்சலிலும் கூடுதல் கவனம் வேண்டும். திருநரிடம், அதாவது பிறந்தபோது குறிக்கப்பட்ட பாலிலிருந்து வேறாகத் தம்மை உணர்பவரிடம், பழைய பெயர், சிகிச்சை, உடல் பற்றிய கேள்விகளை அறவே தவிர்த்துவிடுங்கள்.

நம்மவர்களிடம் நான் மிகவும் வற்புறுத்துவது வேறொன்று. உங்களுடன் வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளை ஒருவர் அங்கே ஒரு பெயரிலும் வீட்டில் இன்னொரு பெயரிலும் இருக்கக்கூடும். அவருடைய தாய் தகப்பனை ஊரிலிருந்தே உங்களுக்குத் தெரிந்திருக்கவும் கூடும். கோயிலிலோ கலியாண மண்டபத்திலோ அவர்களைக் காணும்போது, "உங்கட பிள்ளை அங்க வேற பேரிலயல்லோ இருக்கிறார்" என்று நல்லெண்ணத்தோடு கேட்டுவிட்டால்கூட, அந்தப் பிள்ளை அன்றிரவே வீட்டை விட்டு வெளியேற நேரலாம். அவராகச் சொல்லும்வரை நீங்கள் எதுவும் அறியாதவராகவே இருங்கள்.

பின்னாளில் வீடு வாங்கி, பேஸ்மென்டை வாடகைக்கு விடுபவர்களுக்கும் இது பொருந்தும். சமையலறையையோ குளியலறையையோ வீட்டுக்காரரின் குடும்பத்துடன் பகிரும் குடியிருப்புக்கு மாகாணச் சட்டம் விதிவிலக்குத் தருகிறது. இரண்டும் தனியாக உள்ள பேஸ்மென்டுக்கு அந்த விலக்கு இல்லை. பார்க்க வந்தவர் திருநர் என்ற காரணத்தால் மறுத்தால், அவர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம்.