டிம்மர் போட்டதும் பல்பு மினுக்கியது: என் அனுபவம்

காட்பாடி வீட்டு ஹாலில் புது டிம்மர், அதாவது பல்பின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ். இரண்டு 9 வாட்ஸ் எல்இடி பல்பு. குமிழைக் குறைத்தால் மினுக்கல், லேசான ரீங்காரம், பாதிக்குக் கீழே மொத்தமாக அணைந்தது.

முதலில் ஒரு பல்பைக் கழற்றி 60 வாட்ஸ் குண்டு பல்பு மாட்டினேன். அது சீராக மங்கியது. ஆக, வயரிங்கும் டிம்மரும் சரி. பல்பு அட்டையில் 'டிம்மபிள்' என்று இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சர்க்யூட்), டிம்மர் வெட்டித் தரும் மின்சாரத்துக்கு ஈடுகொடுக்காது.

டிம்மபிள் பல்பு மாட்டியும் கடைசிக் கட்டத்தில் மினுக்கல் நின்றபாடில்லை. டிம்மரின் முதுகில் குறைந்தபட்ச லோடு 60 வாட்ஸ் என்றிருந்தது. நம் லோடோ 18. எல்இடிக்கென்றே வரும், 5 வாட்ஸிலிருந்து வேலை செய்யும் டிம்மர் போட்டதும் தீர்ந்தது. அதன் பக்கவாட்டுத் திருகைச் சிறிய ஸ்க்ரூடிரைவரால் திருப்பி, பல்பு மினுக்காத அளவில் அடிமட்டத்தை நிறுத்தினேன்.

பழைய டிம்மரைக் கழற்றும் முன் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்ப்பது கட்டாயம். டிம்மர் ஃபேஸில்தான் (மின்சாரம் வரும் கம்பி) வர வேண்டும். சில பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் (திரும்பிப் போகும் கம்பி) போயிருக்கும். அப்படியானால் மெயின் ஆனில் இருக்கும்போது சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் டெஸ்டர் எரியும். ஃபேன் ரெகுலேட்டரை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள், குமிழ் ஒன்றுபோலத்தான் இருக்கும்!