நெட் இல்லாத வகுப்பில் டேப்லெட்

சத்தியமங்கலம் பக்கம், மலையடிவாரத்தில் எங்கள் பள்ளி. டேப்லெட் வந்துவிட்டது, சிக்னல்தான் வரவில்லை. 2018 முதல் வந்த பாடநூல்களில் கியூஆர் கோடு இருக்கிறது. ஸ்கேன் செய்தால் வீடியோ வர வேண்டும். "சார், சுத்தீட்டே இருக்குதுங்க" என்பதிலேயே பாதி பீரியட் போய்விடும்.

நெட் இல்லாமலே பாடம் காட்டும் கொலிப்ரி என்ற இலவச மென்பொருளைப் பழைய லேப்டாப்பில் போட்டேன். பாடங்களை நெட் உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கினால் போதும். அப்புறம் ஒரு சாதாரண வைஃபை ரவுட்டரில் லேப்டாப்பையும் டேப்லெட்டுகளையும் இணைத்து, பிரவுசரில் லேப்டாப்பின் ஐபி முகவரியோடு (ரவுட்டர் அதற்குக் கொடுக்கும் எண்) :8080 சேர்த்து அடித்தால் பாடம் திறக்கும். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்கும், கொடுத்துவிடுங்கள்.

மண்டை காய்ந்தது வேறு இடத்தில். கரன்ட் போய் வந்தால் லேப்டாப்புக்கு ரவுட்டர் வேறு முகவரி கொடுத்துவிடும். பிள்ளைகள் சேமித்து வைத்த புக்மார்க் ஒன்றும் வேலை செய்யாது. ரவுட்டர் அமைப்பில் டிஹெச்சிபி (முகவரிகளைப் பங்கிடும் இடம்) பகுதிக்குப் போய், லேப்டாப்பின் மேக் முகவரிக்கு (கருவிக்கே உரிய அடையாள எண்) ஒரே ஐபியை ரிசர்வ் செய்தேன். அதோடு சரியாயிற்று.

சிம் போட்ட டேப்லெட்டுகள் மட்டும் 'இந்த வைஃபையில் இணையம் இல்லை' என்று நழுவி மொபைல் டேட்டாவுக்கு ஓடின. டேட்டாவை அணைத்து, இணைந்தே இருக்கச் சொல்லி, 'மீண்டும் கேட்காதே' என்பதையும் டிக் செய்தேன்.

தமிழில் தேவையான பாடம் எல்லாம் கொலிப்ரியில் கிடைக்காது. நாங்களே போனில் எடுத்த வீடியோக்களைக் கொலிப்ரி ஸ்டூடியோ என்ற அதன் இணையதளத்தில் ஏற்றிச் சேர்த்தோம். பிள்ளைகள் அதைத்தான் விரும்பிப் பார்க்கிறார்கள், பின்னால் மயில் அகவுவதும் கேட்கும்! சார்ஜ் போடுவதுதான் இன்னும் தலைவலி. ஹெச்எம் அறையில் இருப்பது ஒரே பிளக்.