மலாவி மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்களா? பெட்டி கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

"ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவியில் மிஷன் டாக்டராகவோ நர்ஸாகவோ இரண்டு வருடம் இருந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன், என்ன கொண்டுபோக வேண்டும், எப்படி இருக்கும்" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். நான் இருந்தது தெற்குப் பக்கம், சபை நடத்தும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், மூன்று வருடம். காங்கோவுக்கோ சாட் நாட்டுக்கோ போகிறவர்களுக்கு இதில் பாதி உதவும், மீதியை அங்கே போய்த்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை காகித வேலை. ஆண்டவர் அழைத்தார் என்று சபையில் சாட்சி சொல்லிவிட்டு அடுத்த வாரம் விமானம் ஏறிவிட முடியாது. டாக்டர்களுக்கு மலாவி மெடிக்கல் கவுன்சில் பதிவு வேண்டும், நர்ஸுகளுக்குத் தனி கவுன்சில் இருக்கிறது, அதோடு தற்காலிக வேலை அனுமதி. எல்லாம் சேர்ந்து மாதக்கணக்கில் இழுக்கும். "முதலில் வாருங்கள், வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் நம்பினேன். பதிவு வருகிறவரை ஆறு வாரம் ஒரு நோயாளியையும் தொடக் கூடாது என்று ஆகிவிட்டது, மருந்து ஸ்டோரில் உட்கார்ந்து பெட்டி எண்ணினேன். எரிச்சல்தான். ஆனால் எந்த மருந்து எந்த மாதத்தில் தீர்ந்துபோகும் என்று எனக்கு அப்போது தெரிந்ததுதான் பிறகு மூன்று வருடமும் கைகொடுத்தது. அதனால் பதிவு சரியாக இருந்தாலும் முதல் வாரத்தில் ஒரு நாளாவது ஸ்டோரில் உட்காருங்கள்.

பெட்டியில் என்ன வைப்பது? நெற்றியில் மாட்டும் டார்ச் இரண்டு. ஒன்று போதாது, ஒன்று கண்டிப்பாகத் தொலையும். பிள்ளைகள் விரலுக்கும் பொருந்துகிற பல்ஸ் ஆக்சிமீட்டர். இங்கிலாந்து மாதிரி மூன்று சதுரக் கம்பி பிளக்குக்கு அடாப்டர். ஒரு நல்ல ஸ்வெட்டர்; ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் போய் ஜூன், ஜூலையில் நடுங்கியவர்களில் நானும் ஒருத்தி. பருப்பு, மசாலா சுமக்க வேண்டாம், பிளான்டயர், லிலோங்வே நகரங்களில் இந்திய வம்சாவளி வியாபாரிகளின் கடைகளில் கிடைக்கும். (அந்த வியாபாரிகளால் இன்னொன்றும் நடக்கும்: ஊரில் உங்களை 'அம்வென்யே', அதாவது இந்தியர், என்பார்கள், உங்கள் கடை எங்கே என்று அன்பாகக் கேட்பார்கள்.) காலாவதி நெருங்கிய மாத்திரைகளை அட்டைப்பெட்டியில் கட்டி எடுத்துப் போகாதீர்கள், ஸ்பேர் பாகம் கிடைக்காத மெஷினை நன்கொடை என்று அனுப்பவும் சொல்லாதீர்கள். எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அப்படி வந்த மெஷின்களின் மேல் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

மலேரியா பற்றி நிறையப் பேர் அலட்சியமாகப் பேசுவார்கள். 1875-ல் ஸ்காட்லாந்து மிஷனரிகள் மலாவி ஏரியின் தென்முனையில் கேப் மக்ளியரில் முகாம் போட்டார்கள். சில வருடங்களில் அவர்கள் தங்கள் ஆட்களுக்கே அங்கே தோண்டிய கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. 1881-ல் ஏரிக்கரையிலேயே பன்டாவே என்ற ஊருக்கு இடம் மாறினார்கள், அங்கும் காய்ச்சல் விடவில்லை, 1894-ல் மேட்டுநிலம் ஏறி லிவிங்ஸ்டோனியா என்ற மிஷன் நிலையத்தை அமைத்தார்கள். உங்களுக்கு மலை ஏற வேண்டியதில்லை, மாத்திரை இருக்கிறது. டாக்சிசைக்ளின் என்றால் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள், விழுங்கியதும் படுக்காதீர்கள், தொண்டைக்குக் கீழே எரிந்து புண்ணாகும். நீண்ட காலமாக அங்கே இருக்கும் வெளிநாட்டவர் சிலர் "நாங்களெல்லாம் நிறுத்திவிட்டோம்" என்பார்கள். அவர்கள் பேச்சை விடுங்கள், ராத்திரி வலைக்குள் தூங்குங்கள். ஏரியில் நீந்தினால் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோய் வரும். தெரிந்தும் நீந்தினேன், பிறகு அதற்கான பிராசிகுவான்டெல் மாத்திரையை விழுங்கினேன்.

சரி, வேலைக்கு வருவோம். ஜனவரி, பிப்ரவரிதான் உங்களைச் சோதிக்கும் மாதங்கள். மழை நவம்பரில் தொடங்கி ஏப்ரல்வரை இருக்கும், மலேரியாவும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும், போன அறுவடை மக்காச்சோளம் தீர்ந்து புதுச் சோளம் வராத பசி மாதங்களும் அவைதான். மூன்றும் ஒரே பிள்ளையின் மேல் வந்து விழும். கட்டிலுக்கு இரண்டு பேர், சில கட்டிலில் மூன்று.

அப்படி ஒரு பிப்ரவரி ராத்திரி. நாலு பிள்ளைகளுக்கு மூச்சு இழுக்கிறது, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் மெஷின் ஒன்றுதான். யாருக்கு வைப்பது என்று நான் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என்னைவிட இருபது வயது மூத்த கிளினிக்கல் ஆபீசர் ஒருவர் ஒன்றும் பேசாமல் அலமாரியைத் திறந்து, ஆக்சிஜனைப் பல குழாய்களுக்குப் பிரித்துவிடும் ஃப்ளோ ஸ்ப்ளிட்டரை எடுத்து மாட்டினார். நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் மெஷின், ஆளுக்கு ஒரு லிட்டர், நாலு பேருக்கும் போதும். அரை மணி நேரத்தில் கரண்ட் போய்விட்டது. சிலிண்டரைத் திறக்கும் ஸ்பானர் எங்கே என்று நான் இருட்டில் தடவிக்கொண்டிருந்தேன். அது அவர் கழுத்தில், சிலுவை மாதிரி, ஒரு சணல் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாளே நானும் ஒரு ஸ்பானர் வாங்கிக் கயிற்றில் கோத்துக்கொண்டேன்.

இந்தக் கிளினிக்கல் ஆபீசர்கள் எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் இல்லை, மூன்று நாலு வருடப் பயிற்சி பெற்றவர்கள். ஆனால் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் சிசேரியன்களில் பெரும்பாலானவற்றைச் செய்வது அவர்கள்தான். முதல் மூன்று மாதம் அவர்களுக்கு உதவியாளராக நில்லுங்கள், எதையும் மாற்றாதீர்கள். எனக்கு எம்.டி. இருக்கிறதே என்று வாய் திறந்தால், எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள், நீங்கள் அந்தப் பக்கம் போனதும் பழையபடி செய்வார்கள்.

உங்கள் படிப்பிலேயே சிலவற்றை ஒதுக்கி வைக்கவும் வேண்டியிருக்கும். காய்ச்சலோடு ஷாக்கில், அதாவது ரத்த ஓட்டம் குலைந்து, வரும் பிள்ளைக்கு வேகமாக சலைன் ஏற்றுவதுதானே நாம் படித்தது? கென்யா, உகாண்டா, டான்சானியாவில் 3,141 பிள்ளைகளை வைத்து நடந்த ஃபீஸ்ட் ஆய்வு 2011-ல் வெளியானது. அப்படி ஏற்றிய பிள்ளைகளில் 48 மணி நேரத்தில் இறந்தவர்கள் 100-க்குப் பத்துக்கும் மேல், ஏற்றாதவர்களில் ஏழு சொச்சம். ஐ.சி.யூ., வென்டிலேட்டர் இல்லாத இடத்தில் கை தானாக டிரிப் குழாயைத் திறக்கப் போகும், அதைப் பிடித்து நிறுத்துங்கள். வயிற்றுப்போக்கில் வற்றிப்போன பிள்ளைக்கு இது பொருந்தாது, அந்த ஆய்வில் அவர்களைச் சேர்க்கவில்லை. அவர்களுக்கு நீர்தான் மருந்து.

ரத்தம். ஹீமோகுளோபின் 4-க்குக் கீழே வெளுத்து வரும் பிள்ளைகள் மழைக்காலத்தில் தினமும் உண்டு. பிளட் பேங்க் ஃபிரிட்ஜில் பல நாள் ஒன்றும் இருக்காது, சொந்தக்காரர்களைத்தான் கேட்க வேண்டும், அவர்கள் பயப்படுவார்கள். உங்கள் ரத்த வகையைத் தெரிந்துகொண்டு போங்கள். ஒருநாள் அதை உங்களிடமே கேட்பார்கள்.

நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உங்கள் கையில் குத்திவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே கழுவி, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையைத் தொடங்குங்கள். 72 மணி நேரம்வரை தொடங்கலாம், ஆனால் காத்திருக்கக் கூடாது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எச்.ஐ.வி. என்றதும் மிரளவும் வேண்டாம். எச்.ஐ.வி. உள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும், ரத்தத்தில் எதிர்ப்புச் செல்களின் (சி.டி.4) எண்ணிக்கையைப் பார்க்காமல், வாழ்நாள் சிகிச்சை என்று 2011-ல் முதலில் தொடங்கியதே மலாவிதான். இந்த விஷயத்தில் உங்கள் வார்டு நர்ஸுக்கு உங்களைவிட அதிகம் தெரியும்.

மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். தெற்கிலும் நடுவிலும் சிச்சேவா, வடக்கே தும்புகா. நமக்குச் சில வார்த்தைகள் சொந்தம் மாதிரி இருக்கும்: பெண்களை 'அமாயி' என்று கூப்பிட வேண்டும், நாம் அம்மா என்பதுபோல. ஆண்களை 'அபாம்போ', வயதானவர்களை 'அகோகோ'. 'மிம்பா' என்றால் வயிறு, கர்ப்பமும் அதுதான். வயிற்றுப்போக்கை வயிறு திறந்துகொண்டது என்பார்கள். முதலில் 'முலி ப்வாஞ்சி' என்று நலம் விசாரிக்காமல் "எங்கே வலிக்கிறது" என்று தொடங்கினால் நீங்கள் மரியாதை தெரியாத ஆள். வெளியே நாற்பது பேர் வரிசையில் நின்றாலும் விசாரியுங்கள். ஒவ்வொருவர் கையிலும் ஹெல்த் பாஸ்போர்ட் என்று ஒரு சின்ன நோட்டு இருக்கும், பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்புத் துணிக்குள் பத்திரமாக வைத்திருப்பார்கள். நோயாளியின் முழு வரலாறும் அதில்தான், அதனால் கோழிக் கிறுக்கலாக எழுதாதீர்கள்.

நோயாளியோடு ஒரு துணையாள் வருவார், கார்டியன் என்பார்கள். சமையல், துணி துவைப்பது, நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவர் வேலை. வார்டுக்குப் பின்னால் அடுப்பு மூட்டி ந்சிமா கிண்டிக்கொண்டிருப்பார்கள். சோளமாவுக் களி என்று வைத்துக்கொள்ளுங்கள், தொட்டுக்கொள்ள உசிபா கிடைத்தால் நம் நெத்திலிக் கருவாடேதான். கூப்பிட்டால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். "ராத்திரி பிள்ளைக்கு இழுப்பு வந்தது" என்று உங்களுக்கு முதலில் சொல்லப் போவது அவர்கள்தான்.

சில பிள்ளைகளின் நெஞ்சில் சின்னச் சின்ன பிளேடு கீறல்கள் இருக்கும், சிங்ஆங்கா என்னும் நாட்டு வைத்தியர் போட்டது. கோபம் வரும். நான் ஒரு தாயைச் சத்தம் போட்டேன், அவள் அடுத்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது எங்களிடம் வரப் பயந்து மூன்று நாள் தாமதித்தாள். இன்னொரு காரணமும் உண்டு. அரசு ஆஸ்பத்திரி இலவசம், மிஷன் ஆஸ்பத்திரிகளில் பல சேவைகளுக்குக் கட்டணம். அவள் தாமதித்தது மூடநம்பிக்கையாலா, கையில் க்வாச்சா (மலாவிப் பணம்) இல்லாததாலா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

பிள்ளைகள் சாவார்கள். நீங்கள் கற்பனை செய்து வைத்திருப்பதைவிட அதிகம். அப்போது செய்ய வேண்டியது: ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிப் பையில் வையுங்கள், 'பெபானி' (வருந்துகிறேன்) என்று சொல்லுங்கள், தாய் அழுது முடிக்கும்வரை நில்லுங்கள், தேவ சித்தம் என்று வசனம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். ஊழியர் வீட்டுச் சாவு என்றால் மலிரோவுக்கு (சாவுச் சடங்குக்கு) போய்த் தரையில் உட்காருங்கள், ஒன்றும் பேச வேண்டாம். நாலு சாவு நடந்த நாளுக்கு மறுநாள் காலை ஏழரை ஆராதனையில் உங்களுக்கு வாய் திறக்காது. மற்றவர்கள் பாடுவார்கள், நீங்கள் சும்மா நிற்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கதவில் "ஓதி!" (உள்ளே வரலாமா?) என்று குரல் கேட்டால் பெரும்பாலும் பணம். பள்ளிக் கட்டணம், உரம், சவப்பெட்டி. எல்லாம் உண்மையான தேவைதான், அதனால்தான் கஷ்டம். மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை ஒதுக்கி சபை மூப்பர்கள் கையில் கொடுத்துவிடுங்கள், கேட்டு வருகிறவர்களை அவர்களிடம் அனுப்புங்கள். நான் முதல் வருடம் கதவில் நின்றே கொடுத்தேன். யாருக்குக் கொடுத்தேன், யாருக்குக் கொடுக்கவில்லை என்று ஊருக்கே கணக்குத் தெரிந்திருந்தது.

திரும்பி வந்தபிறகும் டாக்சிசைக்ளினை நாலு வாரம் தொடருங்கள். அதன் பிறகு சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால் வைரல்தான் என்று கஷாயம் குடித்துக்கொண்டு படுத்திருக்காமல், அன்றைக்கே போய், மலாவியிலிருந்து வந்திருக்கிறேன், ஃபால்சிபேரம் (கொடிய மலேரியா வகை) இருக்கிறதா பாருங்கள் என்று நீங்களே சொல்லுங்கள். எனக்கு 19-ஆம் நாள் வந்தது.