சபை நாடகம் போடப் போறீங்களா? கறுப்பின மக்களோட காஸ்பல் நாடகத்துல இருந்து நாம சுட வேண்டிய சங்கதிகள்

டிசம்பர் வந்துட்டா களியக்காவிளை, மார்த்தாண்டம், அந்தப்பக்கம் பாறசாலை வரைக்கும் நாடகம் போடாத சபையே இல்ல. ஆனா உள்ளதச் சொல்லணும்னா முக்காவாசி இடத்துல கூட்டம் உக்காந்திருக்கிறது கடைசில குடுக்கிற கேக்குக்கும் சாயாவுக்கும்தான், மேடைல ஏரோது ராஜா என்ன கத்துறாருன்னு கேட்க இல்ல. இந்த வருஷம் வாலிபர் சங்கத்துல உங்க தலைல நாடகத்தக் கட்டிட்டாங்கன்னா அமெரிக்கால கறுப்பின மக்கள் காஸ்பல் நாடகம்னு, சுவிசேஷப் பாட்டும் குடும்பக் கதையும் கலந்த நாடகங்களப் போட்டு, சபைய நம்பியே ஹாலுக்கு ஹால் நெறச்ச கதைய கொஞ்சம் தெரிஞ்சுக்கங்க, அங்க இருந்து சுடுறதுக்கு நெறைய இருக்கு.

மொதல்ல யாருக்காக போடுறோம்னு முடிவு பண்ணணும், கதையெல்லாம் அப்புறம். 1926ல நியூயார்க்ல கறுப்பின மக்கள் வாழ்ற ஹார்லெம்ல, டு பாய்ஸ்ங்கிற கறுப்பின அறிஞர் ஒரு நாடகக் குழுவுக்கு வச்ச கண்டிஷன் நாலே நாலு: கதை நம்மளப் பத்தி இருக்கணும், நம்மாளு எழுதணும், நம்ம ஜனம் பாக்கணும், நம்ம ஜனம் இருக்கிற எடத்துலயே நடக்கணும். உங்க ஸ்கிரிப்ட எடுத்து இந்த நாலையும் வச்சுப் பாருங்க, யூடியூப்ல இருந்து எறக்கின சென்னை நாடகம்னா மொத ரெண்டுலயே ஊத்திக்கும்.

கதைக்கு எங்கயும் அலைய வேண்டாம். காஸ்பல் நாடகத்துல ஆளுங்க எப்பவும் கிட்டத்தட்ட ஒரே செட்டுதான், துரோகம் பண்ற புருஷன், பொறுத்துப்போற பொண்டாட்டி, கெட்டுப்போன புள்ள, முட்டு தேய ஜெபிக்கிற பாட்டி, வாய் அடங்காத பக்கத்து வீட்டுக்காரி, கடைசில மனந்திரும்புதலும் பாட்டும். இத அப்படியே நம்ம ஊருக்கு மாத்துங்க. தமிழ்நாட்டுல 2003ல லாட்டரிய தடை பண்ணிட்டாங்க, பார்டர் தாண்டினா கேரளா லாட்டரி கடை கடையா தொங்குது, தெனமும் ரப்பர் வெட்டின காசோட பாறசாலைக்கு பஸ் ஏறுற ஒரு அப்பாவ மேடைல நிறுத்துங்க, பாக்கிறவங்கள்ல பாதிப்பேருக்கு ஒரு மாமாவோ சித்தப்பாவோ ஞாபகம் வந்துடும். கல்ஃப்ல இருந்து வந்த மாப்பிள்ளை, பொண்ணுக்கு போட்ட நகை, பாதில முங்கின சிட்டிப் பணம் (சீட்டுதான்), கதைக்கா பஞ்சம்.

சிரிப்பு கண்டிப்பா வேணும், அதுல வெக்கமே படாதீங்க. காஸ்பல் நாடகத்துல இருந்து சினிமாவுக்குப் போன டைலர் பெர்ரி எழுதி தானே சேலைக்கு பதிலா கவுனும் விக்கும் மாட்டி நடிச்ச மடியாங்கிற கெழவிதான் அவர எங்கயோ கொண்டுபோய் விட்டா, துப்பாக்கி எடுப்பா, வேதத்த தப்பு தப்பா சொல்லுவா, ஆனா வீட்டுல உடைஞ்சு போனவங்கள தூக்கி நிறுத்துறதும் அவதான். நம்ம அம்மச்சி ஒருத்திய அந்த எடத்துல வையுங்க. "லே மக்கா, நீ ஜெபத்துக்கு வந்தியா, செருப்பு மாத்த வந்தியா?"ன்னு ஒரு வரி போதும், பந்தல் அதிரும். ஆம்பளைப் பையனே அம்மச்சி வேஷம் கட்டினாலும் சரிதான், சிரிப்பு அவ வாயில இருந்து வரணும், நெஞ்சுல பலூன் வச்சு வரக்கூடாது.

ஒண்ணு மட்டும் சுடாதீங்க. இந்த மாதிரி நாடகங்கள்ல அடி வாங்கின பொண்டாட்டி ஒரே பாட்டுல மன்னிச்சுடுவா, அதோட எல்லாம் சுபம். பெர்ரியோட படைப்புகள 2009ல கறுப்பின சினிமா டைரக்டர் ஸ்பைக் லீயே கோமாளித்தனம்னு திட்டினாரு, அவர் திட்டினது வேற விஷயத்துக்கு, ஆனா எனக்கு பெரிய உறுத்தல் இந்த மன்னிப்புதான். அப்பா லாட்டரிய விட்டுட்டேன்னு அழுதா அழட்டும், அம்மா உடனே கட்டிப்பிடிக்க வேண்டாம். "நல்லது, அடுத்த மாசம் வெட்டுக்காச என் கையில தாங்க, அப்புறம் பாக்கலாம்"னு சொல்லட்டும். சபைல அவ வயசுள்ள பொம்பளைங்க எல்லாரும் அவ பக்கம் நிப்பாங்க.

பாட்டு இடைல சொருகுற சமாச்சாரமா இருக்கக்கூடாது, பாட்டுதான் நாடகத்தோட முதுகெலும்பு. 1961ல கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் நியூயார்க்ல போட்ட பிளாக் நேட்டிவிட்டிங்கிற நாடகத்துல மொதப் பாதி இயேசு பெறப்பு, ரெண்டாம் பாதி அப்படியே ஒரு ஆராதனை மாதிரி கொயர் பாடித் தள்ளும், இன்னிக்கும் பாஸ்டன்ல கிறிஸ்மஸுக்கு கிறிஸ்மஸ் போடுறாங்க. மனப்பாடம் பண்ண ஆள் இல்லாத சபைக்கு இந்த அமைப்பு ரொம்ப சௌகரியம், வசனம் அரை மணி நேரம், மிச்சம் கொயர் பாத்துக்கும். 1983ல வந்த கோலோனஸ் காஸ்பல்ங்கிற நாடகம் இன்னும் ஒரு படி மேல போய் கிரேக்க ராஜா ஈடிபஸோட கடைசிக்காலத்த பெந்தகோஸ்து சபை பிரசங்கமாவே மாத்திச்சு, போதகர் கதை சொல்லுவாரு, கண் தெரியாத அந்த ராஜாவா அலபாமா பார்வையற்றோர் பாட்டுக்குழு மொத்தமா சேந்து நடிச்சாங்க, ஒரு ராஜாவுக்கு அத்தனை குரல். நமக்கு இது புதுசே இல்லைங்க, வில்லுப்பாட்டுல புலவர் ஒரு வரி சொன்னா பக்கத்துல இருக்கவர் ஆமா போடுறாரே, அதையே உபதேசியாரையும் கொயரையும் வச்சு பண்ணுங்க. பாட்டுக்கு வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனைகள் எடுத்துக்கலாம், 1864ல எறந்தவர், ரைட்ஸ் பிரச்சனை இல்ல, சபைக்கும் தெரியும், கூடவே பாடுவாங்க.

கூடவே பாடுறது, பதில் சொல்றது, "அவன நம்பாதட்டீ"ன்னு கீழ இருந்து கத்துறது, இது நடக்கலைன்னா நாடகம் ஃபெயில். காஸ்பல் நாடகத்துக்கு வர்ற ஜனம் சும்மா கைய கட்டிட்டு பாக்காது, மேடையோட பேசும். அதனால ரிகர்சல்லயே ரெண்டு பசங்கள கீழ உக்கார வச்சு கத்த விடுங்க, நடிக்கிறவங்க சத்தம் அடங்கற வரைக்கும் நின்னு அப்புறம் அடுத்த வரிய விடப் பழகணும், இல்லைன்னா நல்ல வசனம் பூரா கைதட்டல்ல முங்கிடும். ரிகர்சல ராத்திரி ஒம்பதுக்கு மேல இழுக்காதீங்க, விடிய முன்ன ரப்பர் வெட்டப் போறவங்க மறுநாள் வரமாட்டாங்க.

பாஷை. மலையாளம் பேசுற சொந்தக்காரங்க கண்டிப்பா வருவாங்க, அவங்களுக்காக தனியா விளக்கிட்டு இருக்காதீங்க, மருமக நெய்யாற்றின்கரைக்காரின்னு வச்சுட்டா அவ பாட்டுக்கு மலையாளத்துல பேசுவா, மாமியார் தமிழ்ல திட்டுவா. திருவனந்தபுரம் பக்கம் காக்காரிசி நாடகம்னு ஒரு நாட்டுப்புற நாடகம் காலங்காலமா ரெண்டு பாஷையையும் கலந்துதான் ஓடுது.

மேடை விஷயம் சுருக்கமா: மேல தொங்கவிடுற மைக் நாலு, பாடுறவங்களுக்கு கை மைக் தனியா. தகரக் கூரைல மழை விழுந்தா ஒரு வசனமும் கேக்காது, மழைக்காலம்னா ஹாலுக்குள்ள போயிடுங்க. பத்து மணிக்கு மேல வெளில ஸ்பீக்கர் போடக்கூடாது, அதனால ஏழுக்கே ஆரம்பிச்சாகணும், செயலாளர் வாழ்த்துரைய வெட்டுங்க.

"இதெல்லாம் ஒரு நாடகமா?"ன்னு படிச்ச அண்ணாச்சி ஒருத்தர் கேப்பாரு. அங்கயும் கேட்டாங்க. 1996ல கறுப்பின நாடக ஆசிரியர் ஆகஸ்ட் வில்சன் பிரின்ஸ்டன்ல பேசினப்ப பெரிய தொழில்முறை தியேட்டர் சங்கத்துல இருக்கிற 66ல கறுப்பினத் தியேட்டர்னு சொல்ல ஒண்ணுதான் இருக்குன்னு கொதிச்சாரு, நியாயமான கோபம். மறுவருஷமே ஹென்றி லூயிஸ் கேட்ஸ்ங்கிற கறுப்பினப் பேராசிரியர் எழுதினாரு, ஒரு மானியமும் வாங்காம காஸ்பல் நாடகங்கள் ஊர் ஊரா ஹாலை நெறைக்குது, அத ஏன் யாரும் கணக்குல எடுக்கலைன்னு. என்னக் கேட்டா ரெண்டும் வேணும், வில்சன் மாதிரி ஆழமா எழுதுறவங்களுக்கு எடமும் வேணும், பஸ் புடிச்சு வர்ற ஜனமும் வேணும். ஜனத்த மொதல்ல சேத்துட்டா எடத்துக்கு வழி பொறக்கும்னு எனக்கு தோணுது.

ஜனத்த எப்படி சேக்கிறது? பெர்ரி 1992ல அட்லாண்டால சேத்து வச்ச காசப் போட்டு மொத நாடகம் போட்டப்ப முப்பது பேர்தான் வந்தாங்க. 1998ல அதே நாடகம் அதே ஊர்ல ஃபுல். 1983ல ஹார்லெம்ல ஆரம்பிச்ச மாமா ஐ வான்ட் டு சிங், சபைல பாடுற ஒரு பொண்ணு கதை, 2,000 காட்சிக்கு மேல ஓடிச்சு, சபை சபையா பஸ்ல வந்து பாத்தாங்க. அதனால போஸ்டருக்கு காச கொட்டாதீங்க, பக்கத்து சபை கொயர்ல இருந்து ரெண்டு பேர ஒரு பாட்டுக்கு சேத்துக்கங்க, அவங்க வீட்டுக்காரங்க வேனோட வருவாங்க. பெண்கள் ஐக்கிய சங்கத்து தலைவிகிட்ட, டிக்கெட் போடுற காட்சிக்கு இருபது டிக்கெட்ட குடுத்துப் பாருங்க, ஒரு வாரத்துல வித்துட்டு இன்னும் கேப்பாங்க.

மொத காட்சி உங்க சபைல, இலவசம், காணிக்கைப் பை மட்டும். நல்லா வந்துச்சுன்னா ரெண்டாவது காட்சிய மார்த்தாண்டத்துல மண்டபம் புடிச்சு டிக்கெட் போட்டு நடத்துங்க. இலவசமாவே போட்டுட்டு இருந்தா கீபோர்டுக்காரருக்கு குடுக்க கூட கையில இருக்காது. மார்கழில முகூர்த்தம் இல்லாததால மண்டபம் சும்மா கெடக்கும், வாடகைய பேசி கொறைக்கலாம், ஜெனரேட்டர் டீசல் யாரு தலைலன்னு அட்வான்ஸ் குடுக்கும்போதே ரசீதுல எழுதி வாங்கிடுங்க.