கம்பிக்கு இரண்டு முனை: ஹாட் வயர் ஃபோம் கட்டரில் வழக்கமாக நடக்கும் தவறுகள்

இடது தூணில் எக்ஸ் (கிடை), ஒய் (செங்குத்து) என்று இரண்டு அச்சு. வலது தூணில் அதே போல யு, வி. நடுவில் இழுத்துக் கட்டிய, மின்சாரத்தில் சூடேறும் நிக்ரோம் கம்பி. மாடல் விமான இறக்கை வெட்டுகிறவர்கள் பயன்படுத்தும் இந்த நான்கு அச்சு கட்டரைப் பற்றித்தான் இங்கே பேச்சு. ரவுட்டரும் லேசரும் ஓட்டிக் கைதேர்ந்தவர்கள்கூட இதில் இரண்டு மூன்று தெர்மாகோல் கட்டிகளை வீணாக்காமல் தேறுவதில்லை. அங்கே வெட்டுவது ஒரு புள்ளி. இங்கே வெட்டுவது ஒரு மீட்டர் நீளக் கோடு, அதுவும் உருக்கியே வழிவிட்டுப் போகிற கோடு. மோட்டார்களை ஓட்டும் மென்பொருளான ஜிஆர்பிஎல்லுக்கோ லினக்ஸ்சிஎன்சிக்கோ அது தெரியாது. நான்கு எண்களை மட்டும்தான் அவை பார்க்கும். கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த இடைவெளியில் பிறந்தவை.

போர்டிலேயே ஒரு பொறி இருக்கிறது. ஆர்டுயினோ யூனோ என்ற சிறு கட்டுப்பாட்டு போர்டும் அதன் மேல் மாட்டும் சிஎன்சி ஷீல்டும் வாங்கி, ஷீல்டில் ஏ என்று எழுதிய நான்காவது மோட்டார் டிரைவர் இடத்தைப் பார்த்து "நாலு அச்சு இருக்கே" என்று நினைப்பது. அந்த இடம் ஜம்பர் போட்டால் எக்ஸ், ஒய், இசட் மூன்றில் ஏதாவது ஒன்றை நகலெடுக்கும். வேறு பின்களோடு இணைத்தாலும் யூனோவில் ஓடும் வழக்கமான ஜிஆர்பிஎல்லுக்கு மூன்று அச்சுக்கு மேல் தெரியாது. யு என்ற எழுத்து வந்ததும் பிழை 20 காட்டி நிற்கும். ஆர்டுயினோ மெகா 2560, அதன் மேல் ராம்ப்ஸ் 1.4 என்ற மோட்டார் டிரைவர் போர்டு, அதில் ஜிஆர்பிஎல்-மெகா-5எக்ஸ் என்பதுதான் செலவு குறைந்த வழி. பழைய கணினியும் பேரலல் போர்ட்டும் கையில் இருந்தால் லினக்ஸ்சிஎன்சி இன்னும் நல்லது. அதில் கைனமேடிக்ஸையும் (எந்த மோட்டார் எந்த அச்சு என்ற வரையறை) அச்சுகளையும் எக்ஸ்-ஒய்-யு-வி என்று கொடுத்து, ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பின் டிஸ்ப்ளே பகுதியில் ஃபோம் = 1 என்று வைத்துவிட்டால், திரையில் இரண்டு முனைகளின் பாதையும் தனித்தனித் தளமாகத் தெரியும். பாதி தவறுகள் அந்தப் படத்திலேயே கண்ணில் பட்டுவிடும்.

அச்சை நகர்த்தும் டி8 ஸ்க்ரூ ராட் (திருகுத் தண்டு) வாங்கும்போது கடைக்காரர் "2 எம்எம் பிட்ச்" என்பார். அதை அப்படியே கணக்கில் போட்டால் எல்லாம் நான்கு மடங்கு பெரிதாக நகரும். பெரும்பாலான டி8 ராடுகளில் நான்கு புரிகள் ஓடுகின்றன. ஒரு சுற்றுக்கு நட் நகர்வது 8 மி.மீ. சுற்றுக்கு 200 ஸ்டெப் எடுக்கும் மோட்டார், ஒவ்வொரு ஸ்டெப்பும் 16 மைக்ரோஸ்டெப் என்றால் 3200 ÷ 8 = 400 ஸ்டெப்/மி.மீ. ஒரே புரி உள்ள ராட் என்றால் 1600. 100 மி.மீ. நகர்த்தி ஸ்கேலால் அளந்து பாருங்கள், நான்கு அச்சிலும்.

அதே கையோடு ஜிஆர்பிஎல் அமைப்புகளில் $1 மதிப்பை 255 ஆக்குங்கள்; மோட்டார் பிடியை விடாமல் இருக்கும். ஜிஆர்பிஎல் இயல்பாக நகர்வு முடிந்த 25 மில்லி செகண்டில் மோட்டாரை விட்டுவிடும். ரவுட்டரில் அது பரவாயில்லை. இங்கே ஸ்பிரிங் ஓயாமல் கம்பியை இழுத்துக்கொண்டிருக்கிறது; மோட்டார் விட்ட அடுத்த நொடி தூண் மெல்ல நகர்ந்துவிடும். ஹோம் செய்த (தொடக்கப் புள்ளியாக வைத்த) இடம் போச்சு.

தூண் வேறு, கட்டி வேறு

மிக அதிகமாக நடக்கிற, கண்டுபிடிக்கக் கடினமான தவறு இது. இறக்கையின் அடிப்பக்க அகலம் 200 மி.மீ., நுனி 120 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவுகளை அப்படியே இரண்டு தூண்களுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் கட்டி தூணோடு ஒட்டி நிற்பதில்லை. தூண்களுக்கு இடையே 900 மி.மீ., கட்டியின் நீளம் 600, இடது தூணிலிருந்து கட்டி 100 மி.மீ. தள்ளி, வலப்பக்கம் மிச்சம் 200 என்றால், கம்பி அடிமுகத்தைக் கடக்கும்போது 191 மி.மீ., நுனிமுகத்தில் 138 மி.மீ. வெட்டியிருக்கும். பார்த்தால் இறக்கை போலத்தான் இருக்கும். ஸ்பார் (இறக்கையின் நெடுக்குத் தாங்கி) குழியும் அடுத்த பகுதியும் சேரும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

சரியான கணக்கு சுலபம். 600 மி.மீ.க்கு அகலம் 80 குறைகிறது; ஒரு மி.மீ.க்கு 0.1333. இடது தூணில் 200 + 13.3 = 213.3 வேண்டும், வலது தூணில் 120 − 26.7 = 93.3. இறக்கை வெட்டும் நிரல்கள் இதைத் தாமாகவே போட்டுவிடும், நீங்கள் மூன்று தூரங்களையும் சரியாகக் கொடுத்தால். தூரத்தை அளக்கும் இடத்திலும் கவனம் வேண்டும்: தூணின் உள்முகத்திலிருந்து அல்ல, கம்பி திரும்பித் தொங்கும் புள்ளியிலிருந்து. கொக்கியில் கட்டியிருந்தால் கொக்கியின் முனை.

இரண்டு தூணும் ஒன்றுக்கொன்று 150 மி.மீ. விலகினால் 900 மி.மீ. கம்பி 12 மி.மீ. கூடுதல் நீளம் கேட்கும். சூடேறினால் நிக்ரோம் தானாகவும் நீளும்: 300 டிகிரி கூடினால் ஏறக்குறைய 4 மி.மீ. இரண்டையும் தாங்கும் அளவுக்கு நீளமான, மென்மையான ஸ்பிரிங் வேண்டும். குட்டையான முரட்டு ஸ்பிரிங் தூண்கள் விலகும்போது கம்பியை அறுக்கும், சேரும்போது தொய்ய விடும். கப்பியில் எடை தொங்கவிடுவது பழைய முறைதான், ஆனால் இழுவை மாறவே மாறாது.

வேகம் என்று எழுதியது வேகம் இல்லை

நிரலில் வேகத்துக்கு எஃப்300 என்று எழுதினால் கம்பி நிமிடத்துக்கு 300 மி.மீ. ஓடும் என்று நம்புவது இயல்பு. இரண்டு மென்பொருளும் இந்த நம்பிக்கையை வேறு வேறு விதமாகக் கெடுக்கும்.

ஜிஆர்பிஎல் நான்கு அச்சு நகர்வையும் ஒரே திசையன் நீளமாகக் கணக்கிடும். இரண்டு முனையும் ஆளுக்கு 100 மி.மீ. போனால் அதற்கு அது 141 மி.மீ. பயணம். அதனால் எஃப்300 கொடுத்தால் கம்பி உண்மையில் 212-இல்தான் போகும். சோதிக்க வாட்ச் போதும்: 100 மி.மீ. நேர்க்கோடு 20 செகண்டில் முடிய வேண்டும். 28 செகண்ட் ஆனால் இதுதான் காரணம். லினக்ஸ்சிஎன்சியில் கதை வேறு. எக்ஸ், ஒய் நகர்ந்தால் எஃப் அவற்றுக்கு மட்டுமே பொருந்தும்; யு, வி கூட ஓடி ஒரே நேரத்தில் முடிக்கும். எக்ஸ்-ஒய் பக்கத்தில் நுனியை வைத்து வெட்டினால் அடிப்பக்கம் இரண்டு மடங்குக்கும் மேல் வேகமாக ஓடி, கம்பி நடுவில் வில்லாக வளையும்.

இரண்டுக்கும் மருந்து ஜி93 கட்டளை, அதாவது தலைகீழ் நேர முறை. இதில் எஃப் என்பது ஒரு வரியை முடிக்கும் நிமிடத்தின் தலைகீழ். 10 மி.மீ.யை 300-இல் வெட்ட 2 செகண்ட், அதாவது முப்பதில் ஒரு நிமிடம், எனவே எஃப்30. இந்த முறையில் ஒவ்வொரு ஜி1 (நேர்க்கோட்டு வெட்டு) வரியிலும் எஃப் இருந்தே ஆக வேண்டும். ஒன்று விடுபட்டால் அங்கேயே பிழை, அங்கேயே நிறுத்தம், கட்டியில் ஓட்டை. வெட்டு நேரம் முழுவதையும் கட்டியின் நடுப்பகுதி வேகத்தை வைத்துக் கணக்கிடுவது நல்லது.

ஜி2, ஜி3 வளைவுகளை இங்கே மறந்துவிடுங்கள். ஒரு தூண் வட்டம் போடும்போது மறுதூண் நேர்க்கோட்டில் போய்க்கொண்டிருக்கும்.

கம்பி தின்னும் அளவு

0.4 மி.மீ. கம்பி 1 மி.மீ. அகலத்துக்கு உருக்குவது சாதாரணம். புத்தகத்து எண்ணைப் போடாமல் அளந்து போட வேண்டிய இடம் இது. கழிவுக் கட்டியில் 50 மி.மீ. இடைவெளியில் இரண்டு இணைகோடுகள் வெட்டி, துண்டை வெர்னியரால் அளங்கள். 48.9 வந்தால் கம்பி தின்பது 1.1 மி.மீ. மென்பொருளில் ஆஃப்செட் (பாதையைத் தள்ளிவைக்கும் அளவு) கேட்டால் அதில் பாதி, 0.55. முழுசையும் போட்டு இறக்கையைத் தடிமனாக்குகிறவர்கள் ஏராளம்.

மேலே சொன்ன இறக்கையில் அடிமுகம் 281 வேகத்தில் ஓடினால் நுனிமுகம் 169-இல்தான் ஊரும். மெதுவான பக்கம் அதிகம் உருகும். ஆகவே அதே சூட்டில் இரண்டு வேகத்துக்கும் தனித்தனியாக அளந்து, அடிக்கும் நுனிக்கும் வேறு ஆஃப்செட் கொடுங்கள்.

இந்த அளவையெல்லாம் மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுத்து, வெட்டும்போது வியர்க்கிறது என்று போட்டுவிட்டால் எல்லாம் பாழ். ஊதும் காற்று கம்பியின் சூட்டை உடனே இறக்கும். புகையை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் வேண்டும், கம்பி மேல் வீசும் காற்று வேண்டாம்.

ஏர்ஃபாயில் கோப்புகள்

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம், அர்பானா-ஷாம்பெய்ன் வைத்திருக்கும் தொகுப்பிலிருந்துதான் அநேகமாக எல்லோரும் ஏர்ஃபாயில் (இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம்) டேட் கோப்புகளை எடுக்கிறார்கள். அவை இரண்டு வகை. செலிக் வகை பின்விளிம்பில் தொடங்கி, மேற்பரப்பு வழியாக முன்விளிம்பு வந்து, கீழ்ப்பரப்பு வழியாகத் திரும்பும். லெட்னிசர் வகை முதலில் புள்ளிகளின் எண்ணிக்கையைச் சொல்லி, பிறகு மேல், கீழ் இரண்டையும் முன்விளிம்பிலிருந்தே தொடங்கும். மாற்றிப் படித்தால் இறக்கையின் குறுக்கே ஒரு கோடு பாயும்.

அடிக்கு கிளார்க் ஒய் என்ற ஏர்ஃபாயில், நுனிக்கு வேறொன்று என்று கலக்கும்போது புள்ளிகளின் எண்ணிக்கை ஒத்துப்போகாது. எண்ணிக்கையை மட்டும் சமமாக்கினால் போதாது. இரண்டு முனையும் முன்விளிம்பை ஒரே வரியில் தொட வேண்டும். மேல்பரப்புக்குத் தனியாக, கீழ்ப்பரப்புக்குத் தனியாக, நீளத்தின் விழுக்காட்டின்படி புள்ளிகளைப் பிரியுங்கள்.

நின்றால் ஓட்டை

சூடான கம்பி நின்ற இடத்தில் குழி விழும். ஜிஆர்பிஎல்லில் $32=0 என்றிருந்தால், ஓட்டத்தின் நடுவே சூட்டைக் கட்டுப்படுத்தும் எஸ் மதிப்பை மாற்றும்போது மோட்டார்கள் ஒரு கணம் நிற்கும். $32=1 (லேசர் முறை) வைத்தால் நிற்காமல் மாறும்; ஹோல்ட் கொடுத்தாலும் சூடு தானே அணையும். ஆனால் அந்த முறையில் ஜி0 (வெட்டாத விரைவு நகர்வு) வந்தாலும் சூடு அணைந்துவிடும். எனவே கம்பி கட்டிக்குள் இருக்கும் எல்லா நகர்வும் ஜி1 ஆகவே இருக்கட்டும். லினக்ஸ்சிஎன்சியில் ஓட்டத்தை நிறுத்தாமல் சூட்டை மாற்ற எம்67 கட்டளை. மூலைகள் மழுங்காமல் இருக்க ஜி64-உடன் 0.05 போலச் சின்ன பி மதிப்பு (விலகல் வரம்பு).

கட்டிக்குள் நுழையுமுன் கம்பி சூடேற, காத்திருக்கும் கட்டளையான ஜி4 பி5 போடுவார்கள். ஜிஆர்பிஎல்லிலும் லினக்ஸ்சிஎன்சியிலும் அது 5 செகண்ட். 3டி பிரிண்டர் மென்பொருளான மார்லினில் 5 மில்லி செகண்ட். குளிர்ந்த கம்பி கட்டியில் போய் முட்டி நிற்கும்.

மின்சாரம்

0.4 மி.மீ. நிக்ரோம் மீட்டருக்கு சுமார் 8.7 ஓம். 900 மி.மீ.க்கு 7.8 ஓம், 12 வோல்ட்டில் 1.5 ஆம்பியர், 24 வோல்ட்டில் 3 ஆம்பியர், 74 வாட். 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போட்டு, சூட்டை 30 விழுக்காட்டில் தொடங்கி ஏற்றிப் பாருங்கள். அந்த 24 வோல்ட்டை ராம்ப்ஸுக்குக் கொடுத்துவிடாதீர்கள்: டி1 டையோடு வழியாக அது மெகாவின் ரெகுலேட்டருக்குப் போய்ச் சேரும், பிறகு போர்டு இருக்காது. ராம்ப்ஸுக்கு 12, கம்பிக்குத் தனி 24, கிரவுண்ட் மட்டும் பொது. நடுவில் போடும் மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஐஆர்எல்இசட்44என் போல 5 வோல்ட்டிலேயே முழுசாகத் திறப்பதாக இருக்க வேண்டும். ஐஆர்எஃப்540 அரைகுறையாகத் திறந்து, கம்பிக்குப் பதில் அது காயும்.

ஃபேன் ரெகுலேட்டரை நேராக 230 வோல்ட்டில் மாட்டி, அதிலிருந்து கம்பிக்கு எடுப்பவர்களும் இருக்கிறார்கள். வெறும் கம்பி அது. தொட்டால் ஆள் காலி.

வெட்டக் கூடாதவை

தெர்மாகோல் (இலங்கையில் ரெஜிபோம்), எக்ஸ்பிஎஸ் (அடர்த்தியான பாலிஸ்டைரீன் பலகை) இரண்டும் சுத்தமாக வெட்டுப்படும். கடையில் சன்போர்டு என்று கொடுப்பது பிவிசி. சூடு பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். மெத்தையிலும் பேக்கிங்கிலும் வரும் பாலியூரித்தேன் உருகாது, கருகி நச்சுப்புகை விடும்.

கடைசியாக ஒன்று: இதுவரை வெட்டியது இடது இறக்கை. வலது இறக்கைக்கு அதே கோப்பை மறுபடி ஓட்டினால் கையில் இரண்டு இடது இறக்கை இருக்கும். கட்டியைக் குப்புறப் போட்டாலும் தீராது, மேல்வளைவு கீழே போய்விடும். எக்ஸ்-ஒய்யையும் யு-வியையும் இடம் மாற்றுங்கள்; கட்டியை வைக்கும் இடைவெளிகளையும் கூடவே மாற்றுங்கள், இடப்பக்கம் 200, வலப்பக்கம் 100 என்று.